மசிலான்காரர்களின் எடை

பெரும்புயலுக்கு அடுத்த ஆண்டு, மார்ச் மாதம் பதினேழாம் தேதி, தைவானின் மசிலான் மலையூரைச் சேர்ந்த அபுஸ் என்ற நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணின் எடை நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோவாக இருந்தது. பிளம் விவசாயிகள் சங்கத்தின் லாரி எடைமேடையில் அவளை மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே அதை எழுதினார்கள். அபுஸ் குண்டானவள் அல்ல. பிளம் மரத்தின் நுனிக்கிளை வரை ஏறுகிறவள். அன்று காலையும் ஏறினாள், கிளை ஒடியவில்லை. எடை பார்த்தவள் தைனான் சந்தையில் இருபத்தேழு ஆண்டுகள் பன்றிக்கறி விற்ற லியாவ் பிக்-ஹா. ஆகவே எடையில் பிழை இருக்கும் என்று சொன்னவர்களை ஊரில் யாரும் பொருட்படுத்தவில்லை.

பிக்-ஹா மலைக்கு வந்த கதை சிறியது. தைனானில் அவள் போகும் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான ஹோங் மூப்பர், மலைவாழ் மக்களிடம் போகும் தன்னார்வ ஊழியக் குழுவுக்கு ஆள் தேவை என்று வாசித்தார். மருத்துவர் ஒருவர், பல் மருத்துவர் ஒருவர், முடிவெட்டத் தெரிந்தவர் இருவர், எடை பார்த்து எழுத ஒருவர். பிக்-ஹா முப்பது வருடமாக அந்த ஆலயத்தின் கடைசி வரிசையில்தான் உட்காருவாள். கடையை எடுத்துவைத்துவிட்டு நேராக வருவதால் கையில் கறி வாடை இருக்கும். கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கறி கேட்டதைத் தவிர சபை அவளிடம் எதையும் கேட்டதில்லை. மணிக்கட்டு வலியால் கடையை மூடி அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. மூப்பர் வாசித்து முடிக்கும் முன்பே அவள் எழுந்து நின்றுவிட்டாள். மறுநாள் புதிதாக ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கினாள்.

புயல் சாலையை அடித்துக்கொண்டு போயிருந்ததால் குழுவை நிவாரண ஹெலிகாப்டர்தான் கொண்டுபோய் விட்டது. மூப்பர் அறுபது சீன வேதாகமங்கள் கொண்டுவந்திருந்தார். உள்ளூர்ப் போதகர் பியுங் நன்றி சொல்லி வாங்கிப் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தார். புனுன் பழங்குடியினரான ஊரார் தம் மொழியிலேயே வேதம் வாசிக்கத் தொடங்கியது அவருடைய அப்பா காலத்தில். குழுவினர் கிடார் மீட்டி ஒரு பாமாலை பாடினார்கள்; இரண்டாவது சரணத்தில் ஊரார் நாலு குரலாகப் பிரிந்து சேர்ந்துகொள்ள, கிடார்காரர் வெட்கத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

முதல் நாள் எடையெல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆலய வாசலில் பிக்-ஹா எடைக்கருவியை வைத்து ஒவ்வொருவராக ஏற்றினாள். அவள் என்ன வியாபாரம் செய்தவள் என்று அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது.

“கறிக்கார அக்கா, எலும்போட சேத்தா எடை போடுறீங்க? வெல கொறஞ்சிடுமே!” என்றாள் அபுஸ்.

“தொடை பரவாயில்ல. கழுத்துதான் வீண், வாயி ரொம்ப ஆடுது” என்றாள் பிக்-ஹா. வரிசை முழுக்கச் சிரித்தது. அபுஸ் ஐம்பத்தோரு கிலோ.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஹோங் மூப்பர் மாவட்ட அலுவலகத்தின் கடிதம் ஒன்றை எடுத்து வாசித்தார். மசிலான் அபாயப் பகுதி. ஊரின் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சமவெளியில் வரிசை வீடுகள் தயார். மாதக் கடைசிக்குள் ஊர் காலியாக வேண்டும். ஹெலிகாப்டர் நடைக்கு ஆயிரத்து இருநூறு கிலோ சுமக்கும்; யார் யார் எந்த நடையில் என்று எடைப்படி பட்டியல் போட்டாயிற்று. அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று பிக்-ஹாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பன்றியை எடை போட்ட போதெல்லாம் அது எதற்கென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மனிதர்களை எதற்கென்று கேட்காமலே எடை போட்டுவிட்டாள்.

அபுஸ் எழுந்தாள். “மூப்பரே, ரத்த அழுத்தம் பாக்க வந்திருக்கோம்னீங்க. இப்ப மூட்ட கட்டவா வந்தீங்க?”

“உங்க உயிரக் காப்பாத்தத்தாம்மா. மலை எறங்கிக்கிட்டே இருக்கு.”

“எங்க எறங்குதுன்னு எங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குக் கீழ. அங்க இருந்த பதினோரு வீட்டையும் நாங்களே பிரிச்சு மேல கொண்டாந்துட்டோம். நீங்க வந்த அன்னிக்குக் கூரத்தகட்டத் தலையில வச்சுக்கிட்டுப் போனோமே, ஏதோ திருவிழான்னு போட்டோ புடிச்சீங்களே? அது வீடு.”

சிலர் சிரித்தார்கள். அபுஸ் சிரிக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, “நீங்களும் தெரிஞ்சுதான் எழுதினீங்களா அக்கா?” என்று கேட்டாள். பிக்-ஹா இல்லை என்றாள். சந்தையில் நாலு கடை தாண்டிக் கேட்கும் அவள் குரல் அன்று பக்கத்தில் இருந்தவருக்கும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஹெலிகாப்டர் வந்தது. யார் மேலும் கை ஓங்கக்கூடாது என்று போதகர் பியுங் சொல்லியிருந்ததால் முதல் பட்டியலில் இருந்த இருபத்தோரு பேரும் அமைதியாக ஏறி உட்கார்ந்தார்கள். இறக்கை சுற்றியது, புழுதி பறந்தது, சங்கக் கட்டடத்தின் தகரம் இரண்டு பிய்ந்து போனது. ஹெலிகாப்டர் ஓர் அங்குலம்கூட எழவில்லை. விமானி ஐந்து பேரை இறக்கினார், பிறகு பத்துப் பேரை. கடைசியில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் மிட்டாய் சப்பிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள்; அப்போதும் எழவில்லை. அவளைத் தூக்கி இறக்கப் போன சிப்பந்திக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சிறுமி தானே குதித்து இறங்கி ஓடினாள். குழுவின் மருத்துவருக்கு அந்த மலையில் கிடைத்த முதல் உண்மையான நோயாளி அந்தச் சிப்பந்திதான்.

மறுபடியும் எடை பார்க்கச் சொன்னார்கள். வாசலில் வைத்த கருவி முதல் ஆளிலேயே அப்பளம் போல் நசுங்கியது. இஞ்சி மூட்டை போடும் தராசு இரண்டாவது ஆளில் போயிற்று. அதன் பிறகுதான் லாரி எடைமேடைக்குப் போனார்கள். இரண்டு நாளில் ஊர் முழுவதையும் பார்த்தாயிற்று. பிறந்து ஒன்பது நாளான குழந்தை அறுநூற்று நாற்பது கிலோ. அதன் தாய் வழக்கம் போல் அதை முதுகில் கட்டிக்கொண்டு முட்டைக்கோஸ் தோட்டத்துக்குப் போனாள். மருத்துவர் போதகரிடம் இதற்கு என்ன விளக்கம் என்று கேட்டார். “ஜப்பான்காரங்க ஆண்ட காலத்துல எங்க தாத்தாமாரு லேசா இருந்தாங்க டாக்டர். போலீஸு வந்து மேல மலையில இருந்து ஒரே வாரத்துல இங்க எறக்கிட்டாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, காட்டுப்பன்றிக் கண்ணியைப் பார்க்கக் கிளம்பினார்.

மாவட்ட அலுவலகம் புதிய எடைப் பட்டியலைத் திருப்பி அனுப்பியது. எழுத்துப் பிழை, திருத்தி அனுப்பவும் என்று குறிப்பு இருந்தது. ஹோங் மூப்பர் பிக்-ஹாவைத் தனியே அழைத்தார். அவர் கெட்டவர் அல்ல. அந்தப் புயலில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓர் ஊர் ஒரு மணி நேரத்துக்குள் மண்ணில் மூடியதை நேரில் கண்டவர்; தோண்டிய இடத்தில் நின்று ஜெபம் செய்தவர்.

“லியாவ் அம்மா, பழைய எடையவே எழுதிடுங்க. பெரிய ஹெலிகாப்டர் வரட்டும். எப்படியாவது எறக்கிடலாம்.”

“அது இப்ப இருக்குற எடை இல்லையே மூப்பரே.”

“உயிரு போற காரியம்மா. நாலு நம்பர்ல என்ன இருக்கு?”

“கடை போட்ட மொத மூணு மாசம் தராசுல கட்டவிரல வச்சேன். ஒரு நாளு ஒரு பொம்பள பாத்துட்டா. கேட்ட காச எண்ணி வச்சுட்டு, கறிய வாங்கிட்டுப் போய்ட்டா. அப்புறம் இருபத்தாறே முக்கா வருசம் வைக்கல. இப்பவும் வைக்க மாட்டேன்.”

“அப்ப உங்கள எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்?”

“எடை பாக்க” என்றாள் பிக்-ஹா. ஊரின் எடையை மறுபடியும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

பிறகு அபுஸ் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றாள். “தெரியாமத்தான் எழுதினேன். ஆனா எதுக்குன்னு கேக்காம எழுதினது தப்பு” என்றாள். அபுஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள். போதகர் கொண்டுவந்த காட்டுப்பன்றி திண்ணென்று முற்றத்தில் கிடந்தது. “எலும்பெடுக்கத் தெரியுமா?” என்று கேட்டுக் கத்தியை நீட்டினாள். பிக்-ஹா கத்தியின் கூரைக் கட்டைவிரலில் பார்த்து, மட்டம் என்று முகம் சுளித்து, தீட்டுக்கல் கேட்டாள். அன்று அவள் பன்றியைப் பிரித்த விதத்தைப் பார்க்க வேட்டைக்காரர்கள் வேலி ஓரம் கூடினார்கள். இருபதாம் தேதி ஊழியக் குழு இறங்கியது. பிக்-ஹா இறங்கவில்லை.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் எடைமேடையில் ஏறி நிற்பாள். அறுபத்து மூன்று கிலோ. ஏப்ரல் முழுக்க அறுபத்து மூன்று. தினைக்களியும் பன்றிக்கறியும் தின்று ஒரு வாரம் அறுபத்து நாலு ஆயிற்று, பிறகு பழையபடி இறங்கிவிட்டது. “இன்னும் காத்தாட்டந்தான் இருக்கீங்க” என்று அபுஸ் கேலி செய்வாள். மசிலானில் ஒரு காற்றுக்குத் தூக்கிப் போகக்கூடியவள் தான் ஒருத்திதான் என்பது பிக்-ஹாவுக்கு உறுத்தியது. இருந்தும் பாயைச் சுருட்டவில்லை.

மே மாதம் இரண்டு போலீஸ்காரர்கள் நடந்தே மேலேறி வந்தார்கள். வெளியூர் ஆட்கள் அபாயப் பகுதியில் தங்கக்கூடாது. லியாவ் பிக்-ஹாவைத் தேவைப்பட்டால் தூக்கிக்கொண்டு வரவும் என்று உத்தரவு. அவள் ஆலயப் படியில் உட்கார்ந்து மூங்கில் குருத்து உரித்துக்கொண்டிருந்தாள். வரமாட்டேன் என்றாள். இளையவர் அவள் தோளுக்குக் கீழே கை கொடுத்ததும் உடம்பு படியை விட்டு லேசாக எழுந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. பயத்தால் அல்ல, அவ்வளவு சுலபமாக எழும்பியதால். எதிர்ச் சரிவில் பிளம் பறித்துக்கொண்டிருந்த அபுஸ் கூடையோடு வந்தாள். கூடையைக் கீழே வைத்தாள், போலீஸ்காரரை நகரச் சொன்னாள், பிக்-ஹாவை அமுக்கி உட்காரவைத்து அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“எந்திரிங்கம்மா” என்றார் மூத்தவர்.

“ஏன் தம்பி? எடம் மெத்துனு இருக்கு.”

“சர்க்கார் வேலையத் தடுக்குறீங்க.”

“ஒக்காந்துதானே இருக்கேன். உங்க வேலைய நீங்க செய்யுங்க.”

இருவரும் அபுஸை இழுத்தார்கள். பிறகு பிக்-ஹாவின் காலை இழுத்தார்கள். புதிய கான்வாஸ் ஷூ ஒன்று கையோடு வந்தது. மூத்தவரின் இடுப்பு வார் அறுந்தது. இதற்குள் ஊர்ப் பெண்கள் வந்து ஆளுக்கொரு பிளம் எடுத்து உப்பில் தொட்டுத் தின்றபடி நின்றார்கள். நாலாயிரத்துச் சொச்சம் கிலோவின் அடியில் இருந்த பிக்-ஹாவுக்கு மூச்சு முட்டவில்லை. மடியில் இருந்தது வெயிலும் பிளம் இலையும் மணக்கும் ஒரு மெலிந்த பெண்ணின் உடம்பு. இருபத்தேழு வருடம் கையாலேயே எடை சொன்னவளுக்கு மடி பொய் சொல்லாது: ஐம்பத்தோரு கிலோ, ஒரு கிராம் கூடுதல் இல்லை. அவள் இரண்டு கையாலும் அபுஸின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் போலீஸ்காரர்கள், மேற்படி நபர் நகர்த்த இயலாத நிலையில் இருந்தார் என்று எழுதி, பிளம் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

ஆகஸ்டில் பள்ளிக்கூடத்துக்குக் கீழே இருந்த சரிவு, அபுஸ் சொன்ன இடத்திலேயே, சரிந்தது. பதினோரு வீடுகளின் காலி அஸ்திவாரங்களும் ஒரு கோழிக்கூடும் போயின. ஆள் சேதம் இல்லை. மலை மேல் பாரம் கூடினால் சரிவு அதிகமாகும் என்று அலுவலகப் பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஊரார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அலுவலக வரைபடத்தில் அபாய எல்லையின் சிவப்புக் கோடு ஊருக்குக் கீழே இறக்கி வரையப்பட்டது. யாரும் குடியேறாத சமவெளி வரிசை வீடுகளில் கீழே உள்ளவர்கள் பூண்டு காயப்போடுகிறார்கள். மூன்றாம் ஆண்டு சாலை திறந்தது. ஹோங் மூப்பர் முதல் பஸ்ஸில் வந்தார். ஆலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்; ஆராதனை முடிந்ததும் பிக்-ஹா வைத்த குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது அந்த அறுபது வேதாகமங்களில் பாதியைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள்.

சாலை வந்த பிறகு மசிலான்காரர்கள் நினைத்தபோது கீழே போகிறார்கள், வலை வாங்குகிறார்கள், கல்யாணங்களுக்குப் போகிறார்கள். அப்போதெல்லாம் எடை எல்லோரையும் போலத்தான். சென்ற ஆண்டு ஹுசுங் என்ற வேட்டைக்காரர் குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக நகரத்து மருத்துவமனையில் படுத்திருந்தார். புதிதாகச் சேர்ந்த செவிலிப் பெண் ஒருத்தி, “எதுக்குங்க அந்த மலையில கெடந்து கஷ்டப்படணும்? பேசாம இங்கயே தங்கிடுங்களேன்” என்று அன்பாகச் சொன்னாள். கட்டிலின் நாலு காலும் தரை ஓடுகளை உடைத்துக்கொண்டு ஒரு சாண் இறங்கின. மூத்த செவிலி மருந்து எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “அவ புதுசு, தெரியாம சொல்லிட்டா. உங்களுக்குப் புதன்கிழமை ஊருக்கு பஸ்ஸு” என்றாள். பிறகு தரை ஓடு பதிப்பவருக்குச் சொல்லி அனுப்பினாள்.