அசைய மறுத்த அறுபது

எடித்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. குசினி அடுப்படிக்குப் போவாள், முற்றத்துக்கு வருவாள், கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்காமலே திரும்பி வருவாள். வருகிற சனிக்கிழமை வவுனியாவில் மாகாணப் பளுதூக்கல் தெரிவு. அறுபத்தைந்து கிலோவைத் தலைக்கு மேலே நிறுத்தினால்தான் கொழும்பில் நடக்கிற போட்டிக்குப் போகலாம். இவளோ மாரிகாலம் முழுக்க அறுபதிலேயே மாட்டிக்கொண்டு கிடக்கிறாள். அறுபத்தைந்தாம், நல்ல கதை!

கணக்கெல்லாம் குசினிக் கதவின் பின்பக்கத்தில் இருந்தது. கிழமைக்குக் கிழமை தூக்கிய பாரத்தைக் கரித்துண்டால் அதில் எழுதுவாள். நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று மளமளவென்று ஏறிய எண்கள் ஐம்பத்தெட்டில் வந்து முட்டி நின்றன. அதற்குக் கீழே அறுபது, பக்கத்தில் ஒரு வெட்டு. திரும்பவும் அறுபது, திரும்பவும் வெட்டு. "இந்தக் கதவைப் பாத்தா எனக்குச் சோறு இறங்குதில்லை," என்று தாய் றஞ்சிதம் முணுமுணுப்பாள். எடித்துக்கும்தான் இறங்கவில்லை.

பாவம், அவள் என்னதான் செய்யவில்லை? பாரத்தைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புவதைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். ஒரு கிழமை பாரத்தையே தொடாமல் இருந்தும் பார்த்தாள். அந்தக் கிழமை வீட்டில் ஆளாளுக்குச் சண்டை. பாரம் தோள்வரைக்கும் ஒழுங்காக வரும். அங்கிருந்து மேலே தள்ளுகிற நேரம் பார்த்து முழங்கை மடிந்துவிடும். கூடப் பயிற்சி செய்கிற மார்த்தா, "விலகடி, விலகடி!" என்று கத்துவாள். பாரம் தொப்பென்று மணலில் விழும்.

பாரம் என்றால் கடையில் வாங்கினதில்லை. பேசாலை மாதிரி மீன்பிடி ஊரில் அதை யார் விற்கிறான்? எண்ணெய்த் தகரத்தை வெட்டி, சீமெந்தும் மணலும் குழைத்து ஊற்றி, நடுவில் இரும்புக் குழாய் போக ஓட்டை விட்டு, இரண்டு பெட்டைகளுமாகச் செய்த வில்லைகள். சீமெந்து தந்தவர் எடித்தின் தகப்பன் சந்தியோகு. கரையில் ஓலைக்கொட்டிலாய் வாடி போட்டு மீன் வாங்குகிற முதலாளி. நிறுத்துத் தந்தவரும் அவரேதான். வாடி முகப்பில் தொங்குகிற வட்டத் தராசில் ஒவ்வொரு வில்லையாகக் கொளுவினார். குறைந்ததற்குச் சீமெந்து பூசினார்கள், கூடினதைச் சுரண்டினார்கள். முள் சரியாக வந்து நின்றதும், "பத்து!" என்று கரையெல்லாம் கேட்கக் கூவினார். வள்ளத்துக்கு அடிக்கிற நீலப் பெயின்ரால் எடித் அதை வில்லையில் எழுதினாள். ஊர் மீனெல்லாம் ஏறி இறங்குகிற தராசு அது. வேறெதில் போய் நிறுப்பது?

மகள் பாரத்தைப் போட்டுவிட்டு அழுகிற நாளில் சந்தியோகு வாய் திறக்க மாட்டார். ஆனால் அடுத்த நாள் நல்ல பாரை மீன் ஒன்று வீட்டுக்கு வரும், முட்டை வரும். மடு மாதா கோவிலுக்குப் போய் மகளுக்காக நேர்த்திகூட வைத்துவிட்டு வந்தார். தகப்பன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று மார்த்தா பெருமூச்சு விடுவாள்.

ஒருநாள் எடித் அவரிடமே கேட்டாள். "அப்பா, என்னால ஏலாது போல கிடக்கு. விட்டிடட்டோ?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "விடாத பிள்ளை. நீ நினைக்கிறதைவிட உனக்குப் பலம் கிடக்கு," என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வவுனியாவுக்கு பஸ் ஏறினாள்.

அங்கே உடம்பைச் சூடாக்க ஒரு இரும்பு வில்லையைக் கையில் எடுத்தவள் திகைத்துப் போனாள்.

"மார்த்தா, இது பத்தே? வடிவாப் பார்."

"பத்தெண்டுதான் வாத்துக் கிடக்கு."

"பொய்யடி. பஞ்சு மாதிரிக் கிடக்கு."

முதலில் அறுபது கேட்டாள். குனிந்தாள், தோளுக்கு எடுத்தாள், கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள். கண்ணைத் திறந்தால் பாரம் தலைக்கு மேலே நிற்கிறது! இறக்கச் சொல்லி நடுவர் இரண்டாம் தரமும் கத்தினபிறகுதான் இறக்கினாள். அட சனியன் பிடிச்ச அறுபதே, இதற்கா என்னை இந்த ஆட்டு ஆட்டினாய் என்று அதை உதைக்கவேண்டும்போல் இருந்தது. அடுத்தது அறுபத்தைந்து. கால் நடுங்கியது, முழங்கை வெடவெடத்தது. ஆனால் மடியவில்லை.

திரும்பி வரும்போது மார்த்தாவுக்கு வாய் ஓயவில்லை. எல்லாம் மடு மாதாவின் புதுமையாம். எடித்தின் மடியில் இரண்டு இரும்பு வில்லைகள் கிடந்தன. கொழும்புக்கு முதல் நல்ல பாரத்தில் பழகச் சொல்லி விளையாட்டு உத்தியோகத்தர் பரமநாதன் இரவல் தந்தவை. வென்றுவிட்டாள், மனமோ ஆறவில்லை. அறுபத்தைந்தை மாதா தூக்க வைத்தாள், சரி. பத்துக் கிலோ இரும்பை ஏன் பஞ்சாக்கினாள்?

விடிந்ததும், வள்ளங்கள் கரைக்கு வருமுன்னரே வாடிக்குப் போனாள். ஒரு இரும்பு வில்லையைத் தராசில் கொளுவினாள். முள் ஒன்பதில் நின்றது. மற்றதைக் கொளுவினாள். அதுவும் ஒன்பது. சீமெந்து வில்லையைக் கொளுவினாள். அச்சொட்டாகப் பத்து. பத்துக்கு ஒரு கிலோவை விழுங்குகிற தராசு.

"ஆர் தராசில கை வைக்கச் சொன்னது?" என்று அதட்டிக்கொண்டு வந்த சந்தியோகு, இரும்பைக் கண்டதும் நின்றுவிட்டார். "கரையில எல்லாரும் இப்பிடித்தான் பிள்ளை. நான் மட்டுமே?" என்றார்.

"மீன் கதையைப் பிறகு கதைப்பம், அப்பா." எடித் தராசில் தொங்கிய சீமெந்து வில்லையைக் காட்டினாள். "நான் அழுதனான். மாரி முழுக்க அழுதனான். நீங்கள் பக்கத்தில நிண்டு பாத்தனீங்கள். நான் அறுபதெண்டு போட்டு முறிஞ்சது அறுபத்தாறுக்கும் மேல எண்டு உங்களுக்குத் தெரியும். ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ?"

"சொல்லியிருந்தா ஏனெண்டு கேட்டிருப்பாய்."

"அதுக்குத்தான் முட்டை வாங்கித் தந்தனீங்களோ?"

அந்த மனிதனைக் கட்டிப்பிடித்து அழவும் அவளுக்கு ஆசை, தராசைக் கழற்றிக் கடலில் எறியவும் ஆசை. இரண்டையும் செய்யாமல் சீமெந்தைக் கழற்றிவிட்டு இரும்பைத் திரும்பக் கொளுவினாள்.

வள்ளங்கள் வந்துவிட்டன. எல்லாருக்கும் முன்னால், வாடிக்கு மீன் போடுகிற பெனடிக்ற், ஈரச் சாரத்தோடு, கூடை நிறைய மீனோடு. "எடித்! வெண்டிட்டியாம்! எங்கட ஊருக்கே பெருமையடி!"

"கழட்டு பிள்ளை," என்றார் சந்தியோகு மெல்ல. "உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

எடித் விலகி நின்றாள். பெனடிக்ற் தராசைப் பார்த்தான். இரும்பில் வார்த்திருந்த எண்ணைப் பார்த்தான். முள்ளைப் பார்த்தான். கண்ணாடியில் விரலால் தட்டியும் பார்த்தான். முள் ஒன்பதை விட்டு அசையவில்லை. பின்னால் மற்றவர்களும் கூடைகளோடு வந்து சேர்ந்தார்கள்.

"சந்தியோகு அண்ணை, இந்த இரும்பு எத்தினை கிலோ?"

சந்தியோகு மகளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, காப்பாற்றவும் இல்லை.

"பத்து," என்றார். அன்று கரையெல்லாம் கேட்கக் கூவிய வாய். இன்று பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

பெனடிக்ற் ஏசவில்லை, சண்டைக்கும் போகவில்லை. கூடையைத் தராசில் கொளுவாமல் எடித்திடம் நீட்டினான்.

"நீ தூக்கிச் சொல்லு, தங்கச்சி."

தகப்பன் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் கூடையைக் கையில் வாங்கினாள்.