விதோசவாவின் மூக்கு

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தாலே தப்பு. பூனையையே கூப்பிட்டு, "அந்தப் பாலைக் கொஞ்சம் காய்ச்சி வை" என்று சொன்னால்? ரதிசாவ் தன் கையால் ரக்கியா, அதாவது பிளம் சாராயம், காய்ச்சப் போகிறான் என்ற சேதி பரவியதும் அந்த மலைச்சரிவில் இருந்த அத்தனை வீட்டிலும் இதைத்தான் சொன்னார்கள். சொல்ல மாட்டார்களா பின்னே? இருபது வருஷம் மூக்குமுட்டக் குடித்த மனுஷன். விட்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது.

அவன் மனைவி விதோசவா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தன் வேலையைப் பார்த்தாள். கொப்பரையின் வாயை மாவு பூசி அடைக்கலாம், ஊர் வாயை எதைப் பூசி அடைப்பது?

மகள் லுபிங்காவுக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவன் பூச்சுற்றிய மரக்குடுவையில் தன் வீட்டு ரக்கியாவை நிரப்பிக்கொண்டு வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். அழைப்பை ஏற்றவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, தங்கள் வீட்டு ரக்கியாவைக் கொஞ்சம் ஊற்றிக் குடுவையைத் திருப்பித் தருவார்கள். கடைச் சரக்கை ஊற்றிக்கொண்டு போனால் "உன் தோட்டத்துப் பிளம் எல்லாம் எங்கேப்பா?" என்று கேட்பார்கள். கேட்காமல் சிரித்தால் அது இன்னும் மோசம். மகள் கல்யாணத்தில் அப்படி ஒரு சிரிப்பை வாங்க ரதிசாவுக்கு மனசில்லை.

லுபிங்கா சாச்சாக் நகரத்தில் நர்ஸ். விஷயத்தைப் போனில் முழுசாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "காய்ச்சுங்கப்பா. வேண்டாம்னு சொல்லல. ஆனா சனிக்கிழமை சாயங்காலம் நான் வந்து இறங்கறப்ப உங்க வாயில அந்த வாசனை இருந்துதுன்னா, வாசல்லயே திரும்பிடுவேன். கோயில்கிட்ட போய்த் திரும்பி வர்ற அதே பஸ்ல ஏறிடுவேன். நகரசபை ஆபீஸ்ல ரெண்டு சாட்சியோட கல்யாணத்தை முடிச்சுக்கறோம். நீங்க வர வேண்டாம்."

"சரிம்மா" என்றான் ரதிசாவ். போனை வைத்துவிட்டுப் போய், இருட்டும் வரை விறகு பிளந்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இருபது வருஷம் குடித்தவனுக்குக் காய்ச்சத் தெரியாது. காய்ச்சியதெல்லாம் சித்தப்பன், மச்சான், அண்டை வீட்டுக்காரன். இவனுக்கு வந்த வேலை கிளாஸை நீட்டுவது மட்டும். அண்டை வீட்டு ஒப்ராத் தன் செப்புக் கொப்பரையைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தான். கூடவே புத்திமதியும் கொடுத்தான், வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி.

"டேய், பிளம்மை நசுக்கு, கொட்டையை ஒடைச்சிடாத! கசந்து போயிடும்!"

"பீப்பாய் ஊறலைத் தெனமும் அமுக்கி விடு! மேல காஞ்சா புளிச்சுப் போயிடும்!"

"கொப்பரையில முக்காலுக்கு மேல ஊத்தாத! ஊறல் பொங்கும்!"

ரதிசாவ் மூன்றாவதைக் கேட்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. முதல் காய்ச்சலில் கொப்பரையை விளிம்பு வரைக்கும் நிரப்பினான். பொங்கிய ஊறல் குழாய் வழியாகப் பாய்ந்து, பழுப்பும் சிவப்புமாக ஒப்ராத்தின் புது பூட்ஸ் மேலேயே போய் விழுந்தது. "ரக்கியா கேட்டா ஜாம் குடுக்கறியேடா பாவி!" என்று அவன் போட்ட கூச்சலில் கோழியெல்லாம் கூரை ஏறிவிட்டது. அன்றைக்கு விதோசவாகூட ஜன்னலுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள் என்று வையுங்கள். மறுபடி கழுவி, அளவாக ஊற்றி, கிண்டிக் கிண்டிக் காய்ச்சி, முதல் காய்ச்சல் ஒருவழியாக முடிந்தது.

கையைச் சுடுகிற வேலை அடுத்ததுதான். முதல் காய்ச்சலில் வந்ததை மறுபடி கொப்பரையில் ஊற்றிக் காய்ச்ச வேண்டும். அப்போது முதலில் வடிவது விஷம், தள்ள வேண்டும். கடைசியில் வடிவது நாற்றம், அதையும் தள்ள வேண்டும். நடுவில் வருவதுதான் ரக்கியா. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று நாக்கும் மூக்கும்தான் சொல்லும். ரதிசாவ் நாக்கில் வைக்கக் கூடாது. ஆகவே ருசி பார்க்கிற பொறுப்பை ஒப்ராத் ஏற்றுக்கொண்டான். அவனுக்கு அதைவிட என்ன சந்தோஷம்?

சனிக்கிழமை காலையிலேயே முக்காலியோடு வந்துவிட்டான். "நாக்கைத் தயார் பண்ணணும்ல" என்று தன் வீட்டுப் போன வருஷத்துச் சரக்கில் தொடங்கினான். ரதிசாவ் மூடியைப் பொருத்தி, விளிம்பைச் சுற்றி மாவைப் பிசைந்து பூசி, தீயை மூட்டினான். "தீயைக் கொஞ்சுடா, வெரட்டாத" என்றான் ஒப்ராத். இன்னொரு கிளாஸ் ஊற்றினான். தண்ணீர்ப் பீப்பாய்க்குள் சுருண்டு கிடந்த குழாயின் நுனியில் முதல் சொட்டு வந்தபோது, அவன் களஞ்சியச் சுவரில் சாய்ந்து, வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

விதோசவா அடுக்களையில் குளிர்காலத்துக்குக் கோஸை வெட்டி உப்பில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். கத்தி கோஸில் இருந்தாலும் கண் ஜன்னலில்தான். ரதிசாவ் ஒப்ராத்தைப் பிடித்து உலுக்கினான். முகத்தில் தண்ணீர் தெளித்தான். ம்ஹூம். பிறகு குழாயடியில் பானையை வைத்துக் குந்தினான். சின்னக் கிளாஸில் பிடித்தான். மூக்கருகே கொண்டுபோனான். அங்கேயே வைத்திருந்தான்.

விதோசவா கோஸை அப்படியே போட்டாள். கத்தியோடு வெளியே ஓடி வந்தாள்.

"கீழ வை."

"நான் குடிக்கல விதா."

"கீழ வைன்னேன்!"

வைத்தான். "எனக்குத் தெரியல விதா. தீ எரியுது, வடிஞ்சுக்கிட்டே இருக்கு. மோந்து பார்த்தாத் தெரியும்னு அவன் சொன்னான். என் மூக்கு பொய் சொல்லுது. எனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கு. இந்த முதல் சொட்டு, விஷம்ங்கறாங்களே, இதுகூட எனக்கு நல்லாத்தான் இருக்கு." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பாவம், பொய் சொல்லத் தெரிந்த காலமெல்லாம் போய்விட்டது அவனுக்கு.

விதோசவா ரக்கியாவைத் தொட்டவள் இல்லை. பிள்ளை பிறந்தபோதுகூட உதட்டில் வைக்கவில்லை. இத்தனை வருஷமும் அவள் வெறுத்த வாசனை உலகத்தில் ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். கிளாஸை எடுத்தாள். மோந்தாள்.

"தூ! இது உன் சித்தப்பன் வீட்டுச் சரக்கு வாசனை. நம்ம குலப்புனிதர் திருநாளன்னிக்கு அங்க குடிச்சிட்டு வந்து, ரெண்டு நாள் ஜன்னலைத் திறக்க விடாம, தலையைப் பிடிச்சிக்கிட்டு உருண்டியே. அதேதான். கொட்டு!"

ரதிசாவ் அவளையே பார்த்தான்.

"என்ன பாக்கற? இருபது வருஷம் கதவைத் திறந்துவிட்டவ நான். நீ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எந்த வீட்ல குடிச்சே, நல்லதா கெட்டதா, தூங்கப்போறியா தட்டை வீசப்போறியான்னு எல்லாம் என் மூக்குக்குத் தெரியும். கொட்டுய்யா!"

கொட்டினான். அடுத்த கிளாஸ். "அதேதான்." அடுத்தது. நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துத் துப்பினாள். "கொறஞ்சிருக்கு. ஆனா இன்னும் இருக்கு." அடுத்தது.

அதை மோந்தவள் கிளாஸை மூக்கைவிட்டு எடுக்கவில்லை.

"என்ன விதா? கெட்டதா?"

"பேசாம இரு கொஞ்சம்."

மறுபடி மோந்தாள். பழுத்த பிளம். அதற்கு அடியில் கொட்டைப் பருப்பின் லேசான கசப்பு. அவள் அப்பா வீட்டு முற்றம், தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு ஒரு பையன், அவன் காது ரெண்டும் சிவந்து கிடந்தது. எவ்வளவு அழகாக இருந்தான் அந்தக் கடன்காரன்! ஒரு வாய் எடுத்து விழுங்கினாள். துப்ப வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"இதுதான். பானையை மாத்து."

"நிச்சயமாவா?"

"எங்க அப்பாகிட்ட என்னைக் கேக்க வந்த அன்னிக்கு, தைரியத்துக்கு ஒரே ஒரு கிளாஸ் போட்டுட்டு வந்தே. பக்கத்துல நின்னு காபி குடுத்தேன். இந்த வாசனைதான் அடிச்சுது. மாத்துய்யா பானையை!"

மாற்றினான். அதற்கப்புறம் இரண்டு பேரும் குழாயடியிலேயே குந்தியிருந்தார்கள். அவன் தீயைப் பார்த்தான், பீப்பாய்த் தண்ணீரை மாற்றினான், நடுவில் பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் ரொட்டியில் வைத்துத் தின்றான். அவள் அவ்வப்போது ஒரு வாய் பிடித்துப் பார்த்தாள். அவ்வப்போது என்பது போகப் போகச் சீக்கிரம் சீக்கிரமாக வந்தது. கன்னம் இரண்டும் ஆப்பிளாகச் சிவந்துவிட்டது. கோஸ் பாதி வெட்டினபடியே கிடந்தது, அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் கிளாஸை மூக்கிலிருந்து படக்கென்று எடுத்தாள். "நிறுத்து."

"இன்னும் நல்லா ஓடுது விதா. தெளிவாத்தான் இருக்கு..."

"நிறுத்துன்னேன். நனைஞ்ச கம்பளி நாத்தம். லுபிங்கா கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சாளே, அந்தக் காலையில உன்மேல அடிச்ச நாத்தம்."

இத்தனை வருஷமாக அந்தக் காலையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்ததில்லை. ரதிசாவ் பானையை எடுத்து வைத்தான். தீயில் தண்ணீர் ஊற்றினான். புகை அடங்கும் வரை அவள் பக்கம் திரும்பவில்லை.

"எல்லாத்தையுமா ஞாபகம் வச்சிருக்க?"

"மறக்கத் தெரிஞ்சிருந்தா மறந்திருக்க மாட்டேனா?" என்றாள். ஆனால் குரலில் காரம் இல்லை. எப்படியோ, சொன்னதில் நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒப்ராத் கண் விழித்தான். பானையைப் பார்த்தான், மோந்தான், கண்ணை உருட்டினான். "அடேய்! இதுல முதலையும் கடைசியையும் யாருடா வெட்டித் தள்ளுனது? எங்க அப்பன்கூட இவ்வளவு சுத்தமா வெட்டுனதில்ல!" கிளாஸ் நிறைய ஊற்றி ரதிசாவ் கையில் திணித்தான். "புடி. புது ரக்கியாவில முதல் கிளாஸ் வீட்டுக்காரன் குடிக்கணும். இல்லாட்டிப் போற குடுவை வெறுமையாத் திரும்பி வரும்."

"வேண்டாம் ஒப்ராத்."

"ஒரு கிளாஸ்ல என்னடா குடி முழுகிப் போயிடும்? மகளுக்கு நல்லது நடக்க வேண்டாமா?"

ரதிசாவ் கிளாஸையே பார்த்தான். தொண்டைக் குமிழ் ஒருமுறை ஏறி இறங்கியதை விதோசவா பார்த்தாள். அவ்வளவுதான். கிளாஸைப் பிடுங்கி, அண்ணாந்து, ஒரே மடக்கில் குடித்து முடித்து, கவிழ்த்துக் காட்டினாள்.

"வீட்டுக்காரி குடிச்சாச்சு. போதுமா?"

"மதினி!" என்று சிலுவை போட்டுக்கொண்டான் ஒப்ராத். அதோடு சொல்லிக்கொள்ளாமல் வேலி தாண்டிப் போய்விட்டான்.

கீழே சாலையில் பஸ் ஆரன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் படலைத் தள்ளிக்கொண்டு லுபிங்கா வந்தாள், தோளில் பை, குளிரில் சிவந்த மூக்கு. ரதிசாவ் எல்லாவற்றையும் மறந்து கையை விரித்துக்கொண்டு ஓடினான். நாள் முழுக்கக் கொப்பரைப் புகையிலும் ஆவியிலும் ஊறிய சட்டை, தெளித்ததும் கொட்டியதும் எல்லாம் அதன் மேலேதான். கட்டிக்கொண்டவள் அப்படியே விறைத்துப் போனாள். மெதுவாக விலகினாள். பையைத் தோளில் ஏற்றிப் படலைப் பார்க்கத் திரும்பினாள்.

"லுபிங்கா! அப்பா குடிக்கலடி!" என்று விதோசவா கத்தினாள்.

"நீ சொல்லாதம்மா." லுபிங்கா அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நீ எப்பவும் இதைத்தான் சொல்லுவ. 'அப்பா குடிக்கலடி, களைப்பா இருக்காரு.' நான் ஸ்கூல் போன காலம் முழுக்கச் சொன்ன. யார்கிட்டயும் பொய் சொல்லாத என் அம்மா, என்கிட்ட மட்டும் சொன்ன பொய் அது."

உண்மைதானே? பிள்ளை பயப்படக் கூடாதே என்று விதோசவா சொன்ன பொய். இன்றைக்கு உண்மையைச் சொன்னாலும் விலைபோகவில்லை. லுபிங்கா படலைத் திறந்துவிட்டாள். மேலே, கோயில்கிட்ட பஸ் திரும்புகிற உறுமல் கேட்டது. ரதிசாவ் நின்ற இடத்திலேயே நின்றான், விரித்த கையை மடக்கக்கூடத் தோன்றாமல்.

விதோசவா ஓடிப்போய் மகள் கையைப் பிடித்தாள். கொஞ்சம் தள்ளாடிக்கொண்டுதான் ஓடினாள்.

"என்னை நம்பாத. உன் மூக்கை நம்பு. போனில என்ன சொன்ன? வாயில வாசனை இருந்தாத்தான் திரும்பிடுவேன்னு சொன்ன? சட்டையை மோந்துட்டுப் போறியே, இது என்ன நியாயம்? வாயை மோந்து பாரு. யோவ்! வாயைத் திற!"

ரதிசாவ் கண்ணை இறுக மூடிக்கொண்டு, டாக்டரிடம் காட்டுகிற பிள்ளை மாதிரி வாயைத் திறந்தான். லுபிங்கா தயங்கினாள். பிறகு குதிகாலை உயர்த்தி, முகத்தை அருகே கொண்டுபோனாள். வெங்காயம். பன்றிக்கொழுப்பு. ஆறின காபி. நம்பாமல் மறுபடி மோந்தாள். வெங்காயம்தான். அவள் முகம் கோணியது.

"அப்ப இங்க அடிக்கற ரக்கியா வாசனை யார் வாயில இருந்து..."

விதோசவாவுக்கு விக்கல் வந்தது. பெரிய விக்கல்.

"அம்மா! நீயா?"

"யாராவது ஒருத்தர் மோந்து பாக்கணும்ல. அவன் மூக்கு வேலைக்கு ஆகாது" என்று படலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் விதோசவா. "வீடு சுத்துதுடி. யாராவது என்னை உள்ள கூட்டிட்டுப் போங்க."

லுபிங்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. படலுக்கு வெளியே பஸ் வந்து நின்றது, டிரைவர் ஆரன் அடித்துப் பார்த்தான், போய்விட்டான்.

பையைக் கீழே போட்டுவிட்டு அவள் அப்பாவிடம் திரும்பி வந்தாள். அவன் இன்னும் கண்ணை மூடி, வாயைத் திறந்தபடியே நின்றிருந்தான்.

"மூடிக்கோங்கப்பா, போதும்" என்றாள்.

அவன் சட்டையில் ரக்கியா நாறியது. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், எடுக்கவே இல்லை.