நாலு காலுக்கும் ஒரே செருப்பு

என் கொழுந்தன் பழைய கார்களை வாங்கி விற்கிறவன். எந்நேரமும் எதையாவது யார் தலையிலாவது கட்டப் பார்ப்பான் என்பதால் வீட்டில் அவனுக்கு ஷோரூம் என்று பெயர். தங்கமான பிள்ளை. ஆனால் என் சுபாரு காரைக் கண்டால் மட்டும் அவனுக்கு ஆகாது.

"ரீசேல் கிடையாது அண்ணி. ஸ்பேர் பார்ட்ஸ் வேணும்னா வாரக்கணக்குல காத்திருக்கணும். இந்த ஊர்லயே இதை வச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தான். அதுலயே தெரியலையா?"

"என்னைக் கூடத்தான் உங்க அண்ணன் ஒருத்தர்தான் கட்டிக்கிட்டார். அதுக்காக நான் மட்டமான மாடலா?"

அந்த அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், தபால் அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்காருகிறவர். எங்கள் சண்டையில் எந்தப் பக்கமும் முத்திரை குத்த மாட்டார். செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

நான் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிற நர்ஸ். ஊருக்கு மேலே இருக்கிற மலைச்சரிவு முழுக்க என் பொறுப்பு. தார் ரோடு பாதி வழியில் கைவிட்டுவிடும். அதற்கு மேல் மண்ணும் சரளையும்தான். சொந்த வண்டி உள்ளவர்களைத்தான் அலுவலகம் அங்கே அனுப்பும். வண்டி இல்லையென்றால் கீழே தடுப்பூசிக் கவுண்டரில் உட்கார வேண்டியதுதான். ஒரு குடும்பத்துக்குக் கவுண்டரில் ஒருவர் போதும் என்பது என் கொள்கை.

மலையில் நான் வைத்திருக்கிற மருந்துகளில் ஒன்று பையில் இருக்காது. பிரசவ வலி விட்டுவிட்டு வருமே, அந்த இடைவெளியில் அந்தப் பெண்ணின் நினைப்பை வேறு பக்கம் திருப்ப வேண்டும். மூச்சை இழு, மூச்சை விடு என்று எத்தனை தடவைதான் சொல்வது? ஒருநாள் பேச ஒன்றும் தோன்றாமல், வாசலில் நின்ற என் வண்டியின் கதையை எடுத்துவிட்டேன். அது வேலை செய்தது. அன்றிலிருந்து எல்லாப் பிரசவத்துக்கும் அதே கதைதான்.

போரில் குண்டு விழுந்து நாசமான ஒரு ஜப்பான் விமானக் கம்பெனி. இனி விமானமே செய்யக் கூடாது என்று தடை. மிச்சம் கிடந்த விமான வால் சக்கரங்களை மாட்டி ஸ்கூட்டர் செய்து பிழைத்தார்கள். கம்பெனியையும் துண்டு துண்டாக உடைத்தார்கள். அதிலிருந்து ஐந்து துண்டுகள் மறுபடி ஒன்று சேர்ந்து, ஆறாவதாக ஒரு பெரிய கம்பெனி உண்டானது. அவர்கள் கார் செய்தபோது சுபாரு என்று பெயர் வைத்தார்கள். நாம் கார்த்திகை என்கிற நட்சத்திரக் கூட்டத்துக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர். வண்டியின் மூக்கில் பெரிதாக ஒரு நட்சத்திரமும் சின்னதாக ஐந்தும் இருப்பது அதனால்தான். பிறகு, பனி மூடிய மலையில் மின்கம்பி பார்க்கப் போகிற ஆட்களுக்கு வண்டி வேண்டும் என்று ஒரு மின்சாரக் கம்பெனி கேட்க, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற காரைச் செய்து கொடுத்தார்கள். கதை இந்த இடத்துக்கு வருவதற்குள் பெரும்பாலும் குழந்தையின் தலை தெரிந்துவிடும். மலையில் ஒரு பையனை இன்னும் சுபாரு என்றுதான் கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வேறு பெயர்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஷோரூம் என் வண்டியை எடுத்துப்போய், முன்னால் இரண்டுக்கும் புத்தம் புது டயர் போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினான். என் பிறந்தநாளுக்காம்.

"பழசு பாதிதான் தேஞ்சிருக்கு. இருந்தாலும் மலைக்குப் போறீங்க, முன்னாடி ரெண்டும் கெட்டியா இருக்கட்டும் அண்ணி."

வாயால் திட்டினாலும் கையால் செய்கிறானே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்று இரண்டு தடவை சாப்பிடச் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது கூத்து. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பினால் வண்டி உதறியது. யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி திமிறித் திமிறி நகர்ந்தது. கடைத்தெரு முக்கில் திரும்பும்போது அடியிலிருந்து டக், டக் என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் சூடான எண்ணெய் வாடை. ஷோரூம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"கியர்பாக்ஸ் போச்சு அண்ணி. இதுக்குமேல செலவு பண்றது வீண். ஓடற நிலைமையில இருக்கும்போதே தள்ளிவிட்டுடணும். வண்டியை உடைச்சு உதிரியா விக்கறவர் ஒருத்தர் இருக்கார். சனிக்கிழமை மத்தியானம் என் யார்டுக்கு வரச் சொல்லிடறேன்."

நான் எரிந்து விழ வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார். அவர் அப்படிச் செய்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"இந்த ஒரு தடவை அவன் சொல்றதைக் கேளு. மலையில தனியா போற. பாதி வழியில நின்னுபோச்சுன்னா நான் இங்க உட்கார்ந்து என்ன பண்ணுவேன்?"

பயத்தில் பேசுகிற மனுஷனிடம் எப்படிக் கோபப்படுவது? சரி என்று சொல்லிவிட்டேன். அந்த மலையில் ஏறக்கூடிய வேறு வண்டி எங்கள் சம்பளத்துக்கு எட்டாக்கனி. அலுவலகத்தில் தடுப்பூசிக் கவுண்டர் நாற்காலியை எனக்காகத் துடைத்தே வைத்துவிட்டார்கள். அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மலையில் என்னை நம்பி வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின.

சனிக்கிழமை காலை கடைசியாக ஒரு தடவை மலைக்குப் போனேன். தேன்காரியைப் பார்க்க வேண்டும். அவளும் கணவனுமாக உச்சியில் தேனீப் பெட்டிகள் வைத்துப் பிழைக்கிறார்கள். இரண்டாவது பிரசவம், நாள் நெருங்கிவிட்டது. முந்தின நாள் மழையில் வழியெல்லாம் சேறு. கொண்டை ஊசி வளைவில்கூட வண்டி உதறவில்லை. கடைசி நாளில் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறது என்று அதனிடமே சொன்னேன்.

தேன்காரி முற்றத்துச் சேற்றில் நிதானமாக நடந்து வந்து என்னை அழைத்துப் போனாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தலை நன்றாக இறங்கியிருந்தது. எந்த நேரமும் வரலாம் என்றேன். எனக்குத் தேன் எடுத்துவர அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். சிமெண்டுத் தரையில் டக், டக் என்று விந்தி விந்திப் போனாள்.

"கால்ல என்ன? இப்பதானே நல்லா நடந்து வந்தே?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். ஒரு செருப்பு அறுந்துபோச்சு. இது என்னோடது, அது அவரோடது. அவரோடது தடி. மண்ணுல நடந்தா அமுங்கிக்குது, ஒண்ணும் தெரியல. தரைக்கு வந்தாத்தான் இடுப்பைப் பிடிச்சு இழுக்குது."

நான் அவள் காலைப் பார்த்தேன். வாசலில் நின்ற என் வண்டியைப் பார்த்தேன். சேற்றில் உதறாமல் தாரிலும் சிமெண்டிலும் மட்டும் உதறுகிற வண்டி. மற்ற வண்டிகளில் முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு என்று இருந்தாலும் அதன்பாட்டுக்கு உருண்டுவிடும். இதில் நான்கு சக்கரமும் ஒன்றோடொன்று பிணைந்தது. அதை எத்தனை பிரசவத்தில் என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன்! முன்னால் தடித்த புது டயர், பின்னால் தேய்ந்த டயர். ஒரே தூரத்துக்கு முன்சக்கரம் குறைவாகச் சுற்றும், பின்சக்கரம் கூடுதலாகச் சுற்றும். சேற்றில் சக்கரம் வழுக்கி அதை ஈடுகட்டிவிடும். தாரில் வழுக்க முடியாது, நடுவில் மாட்டிய கியர்பாக்ஸ் இரண்டு பக்கமும் இழுபட்டுச் செத்துக்கொண்டிருக்கும்.

பையிலிருந்து வெள்ளைப் பிளாஸ்திரி எடுத்தேன். முன்சக்கரத்தில் ஒன்று, பின்சக்கரத்தில் ஒன்று, இரண்டையும் தரையைத் தொடுகிற இடத்தில் ஒட்டினேன். அவள் கணவனை முன்சக்கரத்துக்குப் பக்கத்திலும் தேன்காரியைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலும் நிற்க வைத்தேன்.

"நான் மெதுவா ஓட்டறேன். கூடவே நடங்க. பிளாஸ்திரி கீழ வரும்போதெல்லாம் வந்துச்சுன்னு சொல்லுங்க."

முதல் சுற்றில் இருவரும் ஒரே குரலில் வந்துச்சு என்றார்கள். அடுத்ததிலும் அப்படித்தான். போகப் போக அவள் குரல் முந்தியது, அவன் குரல் பிந்தியது. வேலியோரம் போவதற்குள் அவள் சொல்லி முடித்து மூச்சு வாங்கிய பிறகுதான் அவன் சொன்னான்.

"உன் ஆள் தூங்கறாரா?"

"இல்ல சிஸ்டர். அவர் சக்கரம்தான் லேட்டா வருது."

நான் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துச் சிரித்தேன். அவர்கள் இருவரும் நான் ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள்.

ஷோரூமின் யார்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அவன் நம்பவில்லை.

"டயருக்கும் கியர்பாக்ஸுக்கும் என்ன அண்ணி சம்பந்தம்?"

"அண்ணனுக்கும் தம்பிக்கும் உள்ள சம்பந்தம். ஒருத்தன் பண்றதுக்கு இன்னொருத்தன் அனுபவிக்கறது. பின்னாடி ரெண்டுக்கும் இதே மாதிரி புதுசு போடு."

இந்த அளவு ஊரில் இல்லை, வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்றான். அப்படியென்றால் கழற்றின பழைய டயர் எங்கே என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு யார்டுக்குப் பின்னால் கை காட்டினான். அங்கே அவன் மனைவி, என் ஓரகத்தி, அந்த இரண்டு டயருக்கும் மஞ்சள் பெயிண்ட் அடித்து, மண் நிரப்பிப் புதினா வளர்த்திருந்தாள்.

"அக்கா, இப்பதான் துளிர் விட்டிருக்கு," என்று குறுக்கே வந்து நின்றாள்.

"வாளியில எடுத்து வைம்மா. நான் வந்து தண்ணி ஊத்தறேன்."

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் மண்ணைக் கொட்டிக் கழுவி, இரண்டையும் முன்னால் மாட்டிக் கொடுத்தார். மஞ்சள் காலோடு என் வண்டி கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி நின்றது. அதற்குள் உதிரிக்காரரும் வந்துவிட்டார். யார்டின் சிமெண்டுத் தரையில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து எட்டுப் போட்டேன். டக் இல்லை. உதறல் இல்லை. அந்த இன்ஜினுக்கே உரிய அடித்தொண்டை உறுமல் மட்டும் கேட்டது. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே ஓட்டியிருந்தால் கியர்பாக்ஸ் நிஜமாகவே போயிருக்கும். மறுபடி எட்டுப் போட்டேன். தேவையில்லைதான், ஆசை.

உதிரிக்காரர் தாடையைத் தடவினார். "இது உடைக்கற வண்டி இல்லையே சார். ஓட்டற வண்டியாவே நான் எடுத்துக்கறேன்."

பழக்க தோஷம், ஷோரூமின் கண் பளிச்சிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"முதல்ல உன்னை வித்துட்டு அப்புறம் இதைப் பத்திப் பேசலாம் தம்பி," என்றேன்.

அப்போதுதான் தேன்காரியின் கணவன் போன் செய்தான். வலி எடுத்துவிட்டது, இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது, கீழே இறக்க நேரம் இருக்காது. வெளியே மழை கொட்டத் தொடங்கியிருந்தது. தன் வண்டியில் போகலாம், அது புதுசு, பெரிசு என்று ஷோரூம் சாவியை எடுத்தான். நான் சுபாருவின் கதவைத் திறந்து, "ஏறு" என்றேன்.

தார் ரோடு முடிந்த இடத்தில் வழியே ஓடையாகிவிட்டிருந்தது. ஷோரூம் மேலே இருந்த பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். நான் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றது பிடித்தது. நான்கும் கை கோத்துக்கொண்டு மேலே ஏறின. கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் அவன் ஒரு கண்ணைத் திறந்தான். உச்சிக்கு வந்தபோது பிடியை விட்டுவிட்டு, வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

உள்ளே போனபோது தேன்காரி கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கணவன் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கதை சொல்லுங்க சிஸ்டர்," என்றாள்.

குழந்தையின் தோள் திரும்ப மறுத்தது. எனக்குக் கைக்கும் கண்ணுக்கும்தான் நேரம் இருந்தது, வாய்க்கு இல்லை. கதவுக்கு வெளியே நின்ற ஷோரூமுக்குக் குரல் கொடுத்தேன். "தம்பி, வண்டிக் கதையைச் சொல்லு. சத்தமா."

கதவுக்குப் பின்னால் தொண்டையைச் செருமினான். "வந்து... இது ரெண்டு லிட்டர் இன்ஜின். மைலேஜ் பார்த்தீங்கன்னா..."

"மைலேஜ் வேணாம்," என்று தேன்காரி கத்தினாள். "விமானத்துல இருந்து ஆரம்பிங்க."

"ஆங், விமானம். ஒரு விமானக் கம்பெனி. குண்டு போட்டுட்டாங்க. அப்புறம் கார் செஞ்சாங்க."

"ஸ்கூட்டர்."

"ஆமாம்மா, ஸ்கூட்டர். விமானத்து வால் சக்கரத்துல ஸ்கூட்டர். உடைச்சுப் போட்ட கம்பெனி. அதுல அஞ்சு துண்டு..." எங்கள் வீட்டு மேஜையில் கேட்டுக் கேட்டு அவன் காதில் விழுந்ததெல்லாம் எங்கோ தங்கியிருந்திருக்கிறது. அவன் குரல் மெல்ல உறுதியானது. "அஞ்சு துண்டும் சேர்ந்துச்சு. உடைச்சவங்க கண்ணு முன்னாடியே சேர்ந்துச்சு. சேர்ந்து, ஆறாவதா..."

தோள் திரும்பியது. பெண் குழந்தை வழுக்கிக்கொண்டு என் கைக்கு வந்து, வீடே அதிர அழுதது. தேன்காரியின் கணவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் குழந்தையைத் துடைத்து அவள் மார்பில் போட்டேன். எனக்கும் கண் கலங்கியது. திங்கட்கிழமை இவளைப் பார்க்க நானே வருவேன், இதே வண்டியில் வருவேன் என்று நினைத்தபோது அடக்க முடியவில்லை.

வெளியே ஷோரூமின் போன் அடித்தது. பேச்சைக் கேட்டால் உதிரிக்காரர்தான், விடுவதாக இல்லை.

"இல்ல சார். அது விக்கற வண்டி இல்ல. எவ்வளவு கொடுத்தாலும் இல்ல... ரீசேலா? இதுக்கெல்லாம் ரீசேல் பார்க்கக் கூடாது சார். இது எப்படி வந்துச்சுன்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க. சொல்றேன் கேளுங்க. ஒரு விமானக் கம்பெனி இருந்துச்சு. குண்டு போட்டுட்டாங்க. அப்புறம் அவங்க ஸ்கூட்டர் செஞ்சாங்க."

தேன்காரி குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே கதவுப் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"இந்தத் தடவை சரியா சொல்றார் சிஸ்டர்," என்றாள்.