கூடுதலாக ஓர் அரைச் சுற்று

வாசல் அகலத்தை மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: மேலே, நடுவே, கீழே. மூன்றும் ஒன்றாக வந்தால் அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனாரைத் தேடிப் போய்க் கும்பிடலாம் என்று கதவுக்காரர் சொல்வார். இருபத்திரண்டு வருடத் தொழிலில் அப்படிக் கும்பிட அவருக்கு இரண்டே பேர்தான் கிடைத்திருக்கிறார்கள். அன்று காலை மோட்டார் வைண்டிங்காரரின் பட்டறை வாசலில் டேப்பை நீட்டிப் பிடித்தபோது மேலுக்கும் கீழுக்கும் முக்கால் அங்குலம் இடித்தது. "பரவாயில்லண்ணே, மனுஷன் கட்டினதுதானே" என்றார். வைண்டிங்காரர் சிரிக்க முயன்று, இருமி, பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பட்டறை வீட்டோடு ஒட்டியே இருந்தது. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் சாலை. சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் கருகிப்போன மோட்டார்களெல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேரும். பழைய கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுச் செம்புக்கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்து, மறுபடி ஓட வைத்து அனுப்புவார். வாசலுக்கு இருந்தது அவரே இரும்புத் தகட்டை வெல்டிங் வைத்துச் செய்த இரட்டைக் கதவு. யானைக்குப் பயந்து செய்த மாதிரி அவ்வளவு கனம். தினமும் காலையில் தோள் கொடுத்துத் தள்ளித்தான் திறப்பார். அது போடும் சத்தத்தில் தெருவே எழுந்துகொள்ளும். இருபது வருடமாக அந்தக் கதவை அவரைத் தவிர வேறு யாரும் திறந்ததில்லை. அவர் மனைவி தொட வந்தால்கூட, "கையை நசுக்கிக்கப் போற, தள்ளு" என்று விரட்டிவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர் இப்போது கதவை மாற்றப் போகிறாராம். கதவுக்காரரின் பெயரைச் சொன்னது வைண்டிங்காரரின் மனைவிதான். அவளுடைய தங்கை வீட்டுக் கார் ஷெட்டுக்கு இவர்தான் கதவு போட்டவர்.

"உங்கள நல்லா ஞாபகம் இருக்கு தம்பி" என்று டீயை நீட்டினாள் அவள். "வேலையெல்லாம் முடிச்சிட்டு, தங்கச்சி வீட்டுக்காரர கூப்பிடாம என் தங்கச்சிய கூப்பிட்டு, 'திறக்கிற கை எதுவோ அதுதான் கணக்கு, நீங்க தூக்கிப் பாருங்க'ன்னீங்களே. அவருக்கு மூஞ்சி விழுந்திருச்சு."

"கார் அவங்கதானேக்கா ஓட்றாங்க. அவரு தூக்கிப் பாத்து என்ன ஆகப்போகுது?"

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். உள் அறையில் தையல் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. பிள்ளைகள் இல்லாத வீடு; அந்த மெஷினும் இந்த மோட்டார்களும் தவிர வேறு சத்தம் கிடையாது.

கதவுக்காரர் பையிலிருந்து மாதிரித் துண்டுகளை எடுத்துத் தரையில் பரப்பினார். பட்டைப் பட்டையாகச் சுருண்டு ஏறும் ஷட்டர் ஒன்று. பட்டறைக்கு எல்லோரும் கேட்பது அதுதான். அடிபட்டாலும் தாங்கும், ஆனால் வருடம் ஏற ஏற மக்கர் பண்ணும். இன்னொன்று பேனல் கதவு. குறுக்குவாட்டில் நான்கு பலகை. தூக்கினால் மடிந்து, இரண்டு பக்கத் தண்டவாளத்தில் ஏறிக் கூரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வாசலுக்கு மேலே குறுக்கே ஒரு ஸ்பிரிங் இருக்கும். கதவின் பாரத்தைச் சுமப்பது அதுதான். மனிதன் சும்மா கையை வைத்தால் போதும்.

"இது" என்று வைண்டிங்காரர் பேனல் துண்டைத் தொட்டார். விலைகூடக் கேட்கவில்லை.

"அப்ப மோட்டாரும் சேர்த்தே வெச்சிரலாம்ணே. பட்டனைத் தட்டினா போதும், தானா ஏறும்."

"வேணாம். மோட்டார் கெட்டுப்போனா யாரு பாக்கிறது?"

கதவுக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ஊர் மோட்டாரெல்லாம் உங்க கையிலதான் உயிர் பிழைக்குது, நீங்க கேக்குற கேள்வியா இது!"

வைண்டிங்காரர் சிரிக்கவில்லை. உள்ளே தையல் மெஷின் ஓடுகிறதா என்று ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, சுற்றவேண்டிய கம்பியின் கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நுரையீரல்ல கட்டி. ரெண்டு பக்கமும். அடுத்த மழை வரைக்கும் இருந்தாலே அதிகம்னு சொல்லிட்டாங்க."

கதவுக்காரரின் கையில் இருந்த டேப் சரசரவென்று சுருண்டு உள்ளே போய்விட்டது.

"அவளுக்குத் தெரியாது. வியாழக்கிழமை வியாழக்கிழமை ஸ்பேர் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். சொல்லணும். சொல்லாம இருப்பேனா? ஆனா அதுக்கு முன்னாடி இந்த இடத்தை அவளுக்குச் சரி பண்ணிக் குடுத்திரணும் தம்பி. மெஷின முன்னாடி கொண்டு வந்துட்டா ரோட்டுல போறவங்க கண்ணுல படும், நாலு பேர் துணி குடுப்பாங்க. எல்லாம் செஞ்சுட்டேன். இந்தக் கதவு ஒண்ணுதான் அவளால முடியாது."

அப்போதுதான் கதவுக்காரர் கவனித்தார். தெருவைப் பார்த்த சுவரில் புதிதாக ஒரு ஜன்னல். சிமென்ட் ஈரம்கூட முழுக்கக் காயவில்லை. அதன் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், ஒரு பிளக் பாயின்ட். மோட்டார் பட்டறையில் யாரும் அவ்வளவு கீழே பாயின்ட் வைக்க மாட்டார்கள்.

"அவ கைக்குத் தகுந்த மாதிரி வைங்க. ஆனா அவளுக்குத் தெரிய வேணாம். நானே என் வாயால சொல்லிக்கிறேன்."

"சரிண்ணே" என்றார் கதவுக்காரர்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது மனசு கேட்காமல் தன் மனைவியிடம் சொன்னார். பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டாள். "கட்டினவகிட்ட சொல்லாம கதவுக்காரன்கிட்ட சொல்வாராமா? நீங்க மட்டும் எனக்கு அப்படி ஒரு வேலை செஞ்சீங்க, அந்தக் கதவைக் கொளுத்திப் போட்டுருவேன்" என்றாள். சொல்லிவிட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்து அழுதாள். முன்பின் பார்த்திராத ஒருத்திக்காக அவள் அழுததைப் பார்த்து, அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

பத்து நாளில் கதவு வந்தது. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளாமல், மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, பலகைகளை ஒவ்வொன்றாக அவரே ஏற்றினார். வைண்டிங்காரர் உதவ வந்தார். முதல் பலகையின் ஒரு முனையைப் பிடித்தவர், நான்கு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கிச் சுவரில் சாய்ந்துவிட்டார். "வெயிலு" என்றார் மனைவி காதில் விழும்படி. நிழலில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னார்.

"வயசு போன காலத்துல கடைக்கு என்ன அலங்காரம் வேண்டியிருக்குன்னு கேளுங்க தம்பி" என்றாள் அவள், கழற்றி ஓரமாகச் சாத்தியிருந்த பழைய கதவைத் தடவியபடி. "இது சத்தம் போட்டாத்தான் எனக்கு விடியும். இனிமே எப்படி எந்திரிக்கப் போறேனோ."

சொல்லிவிட்டு இரண்டு கையிலும் இரண்டு வாளித் தண்ணீரோடு நடந்து போனாள். கதவுக்காரர் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. வருடக்கணக்காக மெஷினில் குனிந்த தோள். வாளியை வைத்ததும் அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். போதும், கணக்குக் கிடைத்துவிட்டது. கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை.

மதியம் வைண்டிங்காரர் உள்ளே போய்ப் படுத்தார். கதவுக்காரர் கதவை இறக்கிவிட்டு, ஏணி மேல் ஏறி, ஸ்பிரிங் நெடுகிலும் சாக்பீஸால் நேராக ஒரு கோடு போட்டார். முறுக்க முறுக்க அந்தக் கோடு வளையம் வளையமாகச் சுற்றிக்கொள்ளும். எத்தனை வளையமோ அத்தனை சுற்று. இரண்டு இரும்புக் கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகி, ஒவ்வொரு தடவையும் கால் சுற்று. கம்பி நழுவினால் தாடை போய்விடும். அதனால் அந்த நேரத்தில் அவர் வேறு எதையும் நினைப்பதில்லை. தொழிலில் அவருக்குப் பிடித்தது இந்த அரைமணி நேரம்தான். ஏழு சுற்று ஆயிற்று. இந்தக் கதவுக்கு அதுதான் கணக்கு. அவள் மணிக்கட்டை நினைத்துக் கூடுதலாக ஓர் அரைச் சுற்று கொடுத்தார். திருகாணிகளை இறுக்கினார். இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, இருபத்திரண்டு வருடமாக அந்த இடத்தில் என்ன செய்வாரோ அதையே செய்தார்.

"அக்கா, ஒரு நிமிஷம் வாங்க. தூக்கிப் பாருங்க."

சொன்ன வாயை அவரே பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் அவள் வந்துவிட்டாள். தோளில் கிடந்த அளவு நாடாவோடு வந்தவள், குனிந்து, கைப்பிடியில் ஒரு கையை வைத்தாள். கதவு எழுந்தது. சத்தமே இல்லாமல் தலைக்கு மேலே போய்ப் படுத்துக்கொண்டது. வெளிச்சம் பட்டறைக்குள் மொத்தமாக வந்து விழுந்தது.

"அட! பூவைத் தூக்குற மாதிரில்ல இருக்கு" என்று சிரித்தாள். மறுபடி இறக்கினாள். மறுபடி தூக்கப் போனவள், கை அப்படியே நிற்க, திரும்பிப் பார்த்தாள்.

"இதை நான் எதுக்குத் தம்பி தூக்கிப் பாக்கணும்?"

"சும்மாதான்க்கா."

"திறக்கிற கைதானே உங்களுக்குக் கணக்கு?"

கதவுக்காரர் தரையில் இல்லாத திருகாணியைத் தேடினார். அவள் கண் ஜன்னலுக்குப் போயிற்று. அங்கிருந்து முழங்கால் உயரத்துப் பிளக் பாயின்டுக்கு. பெயின்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லி வைண்டிங்காரர் காலி செய்து வைத்திருந்த அலமாரிகளுக்கு. துணியின் இரண்டு ஓரங்களைச் சேர்த்துப் பார்ப்பவள்போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு எப்போது போனது என்று சொல்ல முடியவில்லை.

உள்வாசலில் வைண்டிங்காரர் வந்து நின்றார். கதவு எழுந்த வெளிச்சத்தில் விழித்திருக்க வேண்டும்.

"என்னங்க, இந்தக் கதவு யார் கைக்கு?"

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை எங்க போறீங்க?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். வேலை முடியட்டும்னு..."

"இன்னும் எவ்வளவு நாளு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கதவுக்காரருக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஒரு மனிதன் தன் மனைவியிடம் சொல்ல வைத்திருந்த ஒரே ஒரு வார்த்தை. அதை ஒரு பழக்கதோஷத்தில் தட்டிவிட்டோமே.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கதவுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இதைக் கனமாக்குங்க."

"அக்கா..."

"எனக்குத் தூக்க முடியாத மாதிரி பண்ணுங்க. பழைய கதவு மாதிரி. அவருதான் திறக்கணும். எப்பவும் அவருதான் திறப்பாரு."

கதவுக்காரர் வைண்டிங்காரரைப் பார்த்தார். "அவ சொல்றபடி பண்ணுங்க" என்றார் அவர், தரையைப் பார்த்தபடியே.

கதவுக்காரர் ஏணியில் ஏறினார். கட்டின கதவை அதே நாளில் அவிழ்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. கம்பியைச் செருகி, ஒவ்வொரு கால் சுற்றாக விட்டுக்கொடுத்தார். ஸ்பிரிங் முனகியது. சாக்பீஸ் வளையங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஏழரையிலிருந்து நாலரைக்கு வந்ததும் நிறுத்தினார். பன்னிரண்டு தடவை கம்பி மாற்றியபோதும் கீழே இரண்டு பேரும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"இப்பத் தூக்குங்க" என்றாள் கணவரிடம்.

அவர் வந்தார். குனிந்து, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தார். தோளைக் கொடுக்கும் பழைய பழக்கத்தில் ஒரு கணம் தோளைச் சாய்த்தார். இந்தக் கதவில் தோளுக்கு வேலையில்லை. இழுத்தார். கதவு முழங்காலைத் தாண்டியது, தொடையைத் தாண்டியது, இடுப்பில் வந்து நின்றது. அதற்குமேல் போகவில்லை. அவருடைய மூச்சுச் சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். டாக்டர் சொல்லாததையெல்லாம் அந்தக் கதவு அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

"நான் வெளியில இருக்கேன்க்கா" என்று சொல்லிவிட்டு, கதவுக்காரர் அந்த இடைவெளியில் குனிந்து வெளியே வந்துவிட்டார்.

வெளியே வெயில் கொளுத்தியது. கம்பிகள், ஏணி, கருவிப் பெட்டி எல்லாம் உள்ளே. விட்டுவிட்டுப் போகவும் முடியாது, போய்க் கேட்கவும் முடியாது. முதுகுக்குப் பின்னால் கதவு இறங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினார். முழங்கால் உயரத்தில் அது நின்றிருந்தது. கீழே நான்கு பாதங்கள் தெரிந்தன. இரண்டில் வைண்டிங்காரரின் செருப்பு, இரண்டு அவளுடைய வெறும் பாதம். எதிரும் புதிருமாக இருந்தன. வெறும் பாதங்கள் மெல்ல நகர்ந்து, செருப்புக் கால்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

ஏழரைச் சுற்று முறுக்கிய கதவு விட்ட இடத்தில் நிற்கும். நாலரைச் சுற்றுக் கதவு நிற்காது. கையை எடுத்த நொடியில் தரையில் போய் விழும். இது அவருக்குத் தெரியும். அப்படியென்றால் யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒருவர் கையா, இருவர் கையா என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை.

கதவு இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. நின்றது. பிறகு மெதுவாக, அதே இரண்டு விரற்கடை மேலே ஏறியது.