சைடினின் இரண்டு கையெழுத்துகள்

மக்சிக் ரொக்கியா, எங்கள் பேச்சில் ரொக்கியா அத்தை, கடைக்குள் வந்தபோது வெளியே நல்ல மழை. குடையை வாசல் வாளியில் செருகிவிட்டு, கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையிலிருந்த ஐஸ் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார். பிறகு துணிப்பையிலிருந்து ஓர் இசைத்தட்டு உறையை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"தம்பி, இது அசல்னு ஒரு சீட்டு குடு. உன் சீட்டு இல்லாம எதையும் மாட்ட மாட்டாங்களாம்."

மலேசியாவின் ஈப்போ நகரத்துப் பழைய பாட்டுக் குழுக்களுக்காக ஞாயிறன்று நகர மண்டபத்தில் கண்காட்சி. அதில் எம். சைடினுக்கு மட்டும் தனியாக ஒரு சுவர். அறுபதுகளில் கிதாரோடு மேடையேறி இந்த ஊரையே ஆட வைத்த பாடகர் அவர். இறந்து வெகுநாளாயிற்று. அந்தச் சுவருக்குப் போன கையெழுத்துப் படங்கள் எல்லாம் எங்கள் கடையிலிருந்து போனவை. கடை அபாங் பஹ்ரினுடையது; மூத்தவர் என்பதால் அவரை அபாங், அதாவது அண்ணன், என்று கூப்பிடுவேன். தேடிப் பிடித்து வாங்குவதும் விற்பதும் அவர். அசலா போலியா என்று பார்த்துச் சீட்டு எழுதுவது நான். சீட்டில் அச்சாகியிருப்பது 'ஃபிக்ரி' என்ற என் பெயர்.

நான் ஒரே ஒழுங்கில்தான் பார்ப்பேன். முதலில் அட்டை, அடுத்து மை, கடைசியில் எழுதிய கை. அட்டை அந்தக் காலத்தது. மையும் சரி. கைக்கு வந்ததும் நின்றுவிட்டேன். உறையில் இருந்த எழுத்துகள் மைக்கூட்டில் விழுந்து எழுந்த எறும்பு ஊர்ந்தது போல் கோணலாக இருந்தன. மேலே ஒரு வரி: 'ரொக்கியாவுக்கு. என் பெயரை என்னைவிட அழகாக எழுதுகிறவளுக்கு.'

என் முதுகுக்குப் பின்னால், ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிக் கையெழுத்து சட்டத்தில் தொங்கியது. ரசிகர் மன்றம் அபாங் பஹ்ரினின் அம்மாவுக்குத் தபாலில் அனுப்பிய படம், தபால் உறையோடு, முத்திரையோடு. அதில் கடைசி எழுத்தின் வால் திரும்பி வந்து, முழுப் பெயரையும் படகு போலத் தாங்கும். இத்தனை நாளும் ஒவ்வொரு கையெழுத்தையும் அதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தேன்.

"மன்னிக்கணும் மக்சிக். இது அவர் கையெழுத்து மாதிரி இல்ல."

"எது மாதிரி இல்ல?"

சுவரைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர், பல்செட் நகரும்படி சிரித்தார்.

"அதுவா? அது நான் போட்டதுடா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கிதார்னா அவன் விரல் பறக்கும். பேனாவக் குடுத்தா நடுங்கும். மன்றத்துக்கு மூட்டை மூட்டையா கடுதாசி வரும், நான்தான் செயலாளர். சாயங்காலம் மரவள்ளி வறுவல் தின்னுக்கிட்டே போட்டுத் தள்ளுவேன். ஓரத்துல எண்ணெய் இருக்கா பாரு."

இருந்தது. அந்தக் கறையைப் பழமையின் அடையாளம் என்று என் குறிப்பில் எழுதி வைத்திருந்தேன்.

தேநீர்ப் பையின் வேர்வையில் விரலை நனைத்து, மேசைக் கண்ணாடிமேல் சைடினின் பெயரை ஒரே வீச்சில் எழுதினார். வால் திரும்பி வந்து படகானது. நான் பூதக்கண்ணாடியை எடுப்பதற்குள் மின்விசிறி அதை உலர்த்திவிட்டது.

உள்ளே டிரம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்த அபாங் பஹ்ரின் கூப்பிட்டார். போனேன்.

"மாதிரியோட பொருந்துதா?"

"இல்ல அபாங்."

"அதையே எழுது. பொய் இல்லையே?"

"ஆனா அந்தச் சுவர் முழுக்க..."

"சுவர் முழுக்க உன் பேருடா. என் பேரா இருக்கு?"

திரும்பி வந்து எழுதினேன்: மாதிரியுடன் பொருந்தவில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. இருந்தும் பேனாவை மூடக் கை வரவில்லை.

மக்சிக் படித்தார். கோபப்படவில்லை. முகம் மட்டும் சின்னதாகிவிட்டது.

"அவன் கையால எழுதுனது எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான். அது வெளிய நிக்கும், நான் வறுவல் தின்னுக்கிட்டே போட்டதெல்லாம் உள்ள தொங்கும். நல்லா இருக்குடா உங்க கண்காட்சி."

உறையைப் பைக்குள் வைத்தவர், உள்ளிருந்து கையெழுத்தில்லாத பழைய மன்றப் படம் ஒன்றை எடுத்தார். என் பேனாவை அவரே எடுத்துக்கொண்டு போட்டார். படகு.

"இது பொருந்துதா?"

"பொருந்துது."

"அப்ப எழுது."

"மை ஈரமா இருக்கு மக்சிக்."

"காயட்டும். எனக்கென்ன அவசரம்? மழையும் விடல." முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அபாங் பஹ்ரின் சிரிப்போடு வெளியே வந்தார். "மக்சிக், தேநீர் சொல்லட்டுமா?"

"கையில என்ன இருக்குன்னு கண்ணு தெரியலியா? இவன் கண்ணும் உன் கண்ணும் ஒரே கடையில வாங்குனதா?"

சீட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். 'கையெழுத்திட்டவர்' என்ற இடம் காலியாக இருந்தது. கையெழுத்து ஆய்வுக்கு நான் போகும் மாலை வகுப்பில், மாதிரி எப்படிக் கிடைத்தது என்று ஆசிரியர் முதல் நாளே கேட்டார். தபாலில், முத்திரையோடு என்றேன். அந்தப் பதிலில் எனக்குப் பெருமைகூட இருந்தது. முத்திரை சொல்வது கடிதம் எங்கே, எப்போது போடப்பட்டது என்பதை மட்டும்தான்.

சைடின் என்று எழுதினால் பொய். எழுதாமல் விட்டால் மக்சிக் முக்காலியை விட்டு எழப்போவதில்லை. கடைசியில் முழுப் பெயரைக் கேட்டு எழுதினேன்: ரொக்கியா பிந்தி ஓமார். என் கண் முன்னால் போட்டது. பிறகு முதல் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, உறையை மறுபடி கேட்டு வாங்கி அதற்கும் ஒன்று எழுதினேன்: எம். சைடின்.

அபாங் இரண்டையும் படித்தார். சிரிப்பு போய்விட்டது.

"இது ரெண்டையும் அந்தச் சுவர்ல மாட்டுனா, வர்றவனுக்குக் கண்ணு இருக்காதா?"

"இருக்கும் அபாங்."

"நாளைக்கு உன் சீட்டை எவன் நம்புவான்?"

சீட்டுப் புத்தகத்தை மூடினேன். அப்படி எழுதியதைத் தைரியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்த இடத்தில் எழுத வேறு பெயர் இல்லை, அவ்வளவுதான்.

மக்சிக் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, படத்தையும் இரண்டு சீட்டுகளையும் உறையோடு சேர்த்துப் பைக்குள் வைத்தார். வாசல்வரை போய் வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"விடாது போலிருக்கு."

அபாங் பஹ்ரின் டிரம்மிடம் போகவில்லை. நான் மாதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மழை அடித்துக்கொண்டே இருந்தது.