பவுசியா விலை வைத்த கருங்கல்

கருங்கல்லின் விலையைக் குறைக்க மாட்டேன் என்று பவுசியா சொன்ன மறுநாள் காலை, இலுப்பூருக்கு வெளியே அவள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த குவாரிப் பள்ளத்தில் ஆளுயரத்துக்கு ஒரு மலை முளைத்திருந்தது. அன்றைக்குத் தக்காளி கிலோ நாற்பது ரூபாய், ஜல்லி பழைய விலைதான். நாலா திசையிலிருந்தும் ஆட்கள் போனில் சேர்ந்து ஆடுகிற சுரங்க விளையாட்டு ஒன்றில் பவுசியா கடை வைத்திருந்தாள். ஆடுகிறவர்கள் வெட்டியெடுப்பதை வாங்கி விற்பாள். எது அரிதாகக் கிடைக்கிறதோ அதற்குத்தான் விலை என்பது கம்பெனியின் கணக்கு. நிலாக்கல் தொள்ளாயிரம் காசு, கருங்கல் ஒரு காசு. ஒரு நிலாக்கல்லுக்காக ஒரு மலையையே நொறுக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள், கம்பெனி புது மலை இறக்கும். இதைப் பார்த்துப் பார்த்து பவுசியாவுக்கு வயிறு எரிந்தது. அவள் கல்யாணமாகி வந்தபோது அடுப்படி ஜன்னலில் தெரிந்த மலையை லாரி லாரியாக அள்ளிப் பள்ளமாக்கியிருந்தார்கள். ஒருநாள் கடையில் விற்கிற விலையைத் தலைகீழாக்கினாள்: கருங்கல் தொள்ளாயிரம், நிலாக்கல் ஒன்று.

கருங்கல்லை யாரும் சீண்டவில்லை. "ஆடுற பயலுக எல்லாம் சிரிக்கிறானுக, கொஞ்சம் எறக்கு" என்றான் புருஷன் அஜ்மல். "சொன்ன வெலைய எறக்குனா பரக்கத்து, கடை விருத்தி எல்லாம் போயிரும்ங்கிறது ஒங்க அத்தா கடை வழக்கந்தானே, மச்சான்" என்று அவன் வாயை அடைத்தாள். பிறகு சென்னையிலிருந்து கம்பெனிப் பெண் மதுமிதா பேசினாள்.

"எண்ணிக்கையில கருங்கல்தான் மேடம் அதிகம். எங்க விலையைப் போடலைன்னா கடையை எடுத்துருவோம்."

"நீங்க புது மலை எறக்கிருவீங்க. எங்களுக்கு இங்கிட்டு யாருங்க எறக்குனா? திரும்ப வராததுதாங்க அபூர்வம். கொறைக்க மாட்டேன்."

நாலு வருஷமாக ஒண்டியாக வளர்த்த கடை, அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னாள், சொல்லிவிட்டு அழவும் செய்தாள். அன்றிலிருந்து கடையில் விற்காத கருங்கல்லெல்லாம் கணக்கில் குறைந்துகொண்டே வந்து பள்ளத்தில் சேர்ந்தது. மதுமிதா ஒவ்வொரு தடவை எச்சரிக்கும்போதும் மலை இன்னும் கொஞ்சம் ஏறியது. கடையைப் பிடுங்கிய வெள்ளிக்கிழமை, அது ஜன்னலில் பழைய உயரத்துக்கு நின்றது. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, பதிவேட்டில் பள்ளத்தை அடித்துவிட்டு மலை என்று எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

வாடை பிடித்து வந்ததுபோல, முன்பு குவாரி நடத்திய குணசேகரனும் லாரியோடு வந்து நின்றார். மலையின் உச்சியை அண்ணாந்து பார்த்தார், அது வந்த விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"லோடு என்ன வெலைம்மா?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பவுசியா எழுந்திருக்கவில்லை. "லோடெல்லாம் இல்லைங்க. ஒரு கல்லுக்குத் தொள்ளாயிரம் நிலாக்கல்லு. கொண்டாந்து வச்சுட்டு அள்ளிக்கங்க."

நிலாக்கல் எங்கே கிடைக்கும் என்று அவர் இலுப்பூர்க் கடைவீதியிலும் புதுக்கோட்டையிலும் விசாரித்ததாகச் சொல்கிறார்கள். லாரி காலியாகத்தான் போனது. இப்போதெல்லாம் பவுசியா வீட்டருகே வளைவு வந்ததும் மினி பஸ் கண்டக்டர், "மலையடி எறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று குரல் கொடுக்கிறார், ஆடு மேய்க்கிறவர்கள் இறங்கிக்கொள்கிறார்கள்.