மூன்றாவது சுற்று

வாய்க்கரிசி போட நீட்டிய கை வாய்க்கு நேராக நிற்கவில்லை. அரிசி ரெங்கசாமியின் மூக்கிலும் கழுத்திலும் சிதறியது. ஒரு மணி கண்ணிமையில் ஒட்டிக்கொண்டது. வேலாயுதம் அதை எடுக்கக் குனிந்தான். விரல் அண்ணனின் கண்ணைக் குத்திவிடும் போலிருந்ததால் கையை இழுத்துக்கொண்டான். அண்ணி வீரம்மாள்தான் எட்டி முந்தானை நுனியால் அதைத் துடைத்தெடுத்தாள். துடைக்கும்போது அவள் பார்வை கொழுந்தனின் கை மேலேயே இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேத் தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளில் அந்த வருஷம் மஞ்சள் கண்ணும் பானை வயிறுமாகச் செத்த ஆட்களோடு ரெங்கசாமியும் சேர்ந்துகொண்டான். சாயங்காலம் கள்ளுக்கடை, அது மூடிவிட்டால் திருட்டுத்தனமாக விற்கும் சம்சுச் சாராயம். ஈரல் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுவிலக்குச் சங்கத்தார் லைனுக்கு வந்து பேசும்போது ரெங்கசாமி முன்னால் உட்கார்ந்து பலமாகக் கைதட்டுவான். கூட்டம் முடிந்ததும் தொண்டை காய்கிறதென்று கடைக்குப் போவான்.

கூடவே வேலாயுதமும் போவான். நேற்றுக் காலை அண்ணன் இரத்தமாக வாந்தியெடுத்ததைச் சட்டியில் ஏந்தினான். அதன் பிறகு அவன் தொண்டையில் ஒரு சொட்டும் இறங்கவில்லை. ராத்திரியே வியர்த்துக் கொட்டியது. விடிந்தபோது கை தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியிருந்தது.

ரெங்கசாமிக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். கொள்ளி வைக்க வேண்டியவன் தம்பி. தண்ணீர்க் குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு சிதையை மூன்று முறை சுற்ற வேண்டும். சுற்றுக்கு ஒரு பொத்தலாக நாவிதர் போடுவார். மூன்றாவது சுற்று முடிந்த பிறகுதான் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைக்கலாம். கிள்ளானில் அம்மா செத்தபோது கடைக்குட்டி என்பதால் அவன்தான் இதைச் செய்தான். குடம் கொஞ்சமும் ஆடவில்லை என்று எல்லாரும் மெச்சினார்களாம். அவனுக்கு எதுவும் நினைவில்லை. தீ, குடம், அம்மாவின் முகம், ஒன்றுமே இல்லை. அவ்வளவு குடித்திருந்தான். அண்ணனையாவது தெளிந்த கண்ணோடு அனுப்பிவிட வேண்டும். இன்றைக்கு அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வெளியே, பாடை கட்டி முடித்துவிட்டுத் ரெங்கசாமியோடு தண்டவாள வேலை பார்த்த கூட்டாளிகள் குந்தியிருந்தார்கள். தூக்குகிறவர்களுக்குச் சாவு வீட்டில் கள் வாங்கித் தருவது லைன் வழக்கம். வீரம்மாள் காப்பி போட்டு அனுப்பியிருந்தாள்.

"என்னா தங்கச்சி இது?" பக்கிரிசாமி கோப்பையை முகர்ந்து பார்த்தான். "காப்பி குடிச்சிட்டுப் பொணம் தூக்குனா, நேரா காப்பிக்கடையிலதான் கொண்டுபோய் எறக்குவோம்."

"எறக்குங்கண்ணே. அங்க ஒரு நாளாச்சும் ஒக்காந்துட்டுப் போகட்டும்" என்றாள் வீரம்மாள் உள்ளேயிருந்து.

யாருக்கோ சிரிப்பு வந்து, இருமலாக முடிந்தது.

"அதுக்கில்ல. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அந்த வழக்கந்தான் நடுவீட்டுல நீட்டிப் படுத்திருக்கு."

பக்கிரிசாமி தலையைக் குனிந்து காப்பியைக் குடித்தான். "சீனியாச்சும் கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாம்" என்று மட்டும் முணுமுணுத்தான்.

"தம்பி, இப்பிடி உள்ள வாங்க" என்று வீரம்மாள் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

வேலாயுதம் அடுப்படிக்குப் போனான். வீரம்மாள் விறகுக்குப் பின்னாலிருந்து ஒரு புட்டியை எடுத்தாள். ரெங்கசாமி வைத்திருந்த சம்சு. பித்தளைத் தம்ளரில் ஊற்றினாள். எங்கே நிறுத்த வேண்டுமென்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. காலையில் இவ்வளவு உள்ளே போனால்தான் ரெங்கசாமியால் சுத்தியலைப் பிடிக்க முடியும். போகாவிட்டால் வேட்டி முடிச்சுக்கூட வராது. அழுது பார்த்து, அடியும் வாங்கிப் பார்த்து, கடைசியில் அவன் வேலையாவது மிஞ்சட்டும் என்று அவளே ஊற்றிக் கொடுக்கப் பழகியிருந்தாள். லைன் முழுக்க அது தெரியும்.

"குடிங்க. கை நிக்கும்."

"நீங்களா அண்ணி சொல்றீங்க?"

"கொடம் பாதியில விழுந்தா ஒங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எம் பொண்ணுங்க ரெண்டையும்தான் சொல்லுவாங்க, ராசியில்லாத குடும்பம்னு."

தம்ளரை வாங்கினான். சாராயம் தளும்பி விரலில் வழிந்தது. வாடைக்கே வாய் ஊறியது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"இதக் குடிச்சா நான் அங்க இருக்க மாட்டேன் அண்ணி."

"எங்க போயிருவீங்க?"

"அம்மாவுக்குக் கொள்ளி வெச்சப்ப எங்க போனேனோ, அங்கதான்."

வீரம்மாள் தம்ளரை அவனிடமிருந்து வாங்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் புட்டியிலேயே திரும்ப ஊற்றி, தக்கையை அழுத்தி மூடினாள்.

"மொகத்தக் கழுவிட்டுப் போங்க. வெயில் ஏறுது."

சுடுகாட்டில் தலையை மழிக்க உட்கார்ந்தபோது நாவிதர் தம்புசாமி அவன் மோவாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஆடாதீங்க தம்பி. காது ரெண்டும் இருந்தாத்தான் ஆளு பாக்க லட்சணமா இருக்கும்." அப்படியும் இரண்டு இடத்தில் கீறியது. அவர் எச்சில் தொட்டு அழுத்தினார்.

இடது தோளில் குடம் ஏறியது. வலது கையில், முதுகுப் பக்கமாக, எரியும் கட்டை. குடத்துக்கு ஒரு கைதான் மிச்சம்.

முதல் சுற்றில் தம்புசாமி கத்தி முனையால் கொத்தினார். தண்ணீர் முதுகில் பீச்சியது. வேலாயுதம் கழுத்தைச் சாய்த்து, கன்னத்தால் குடத்தை அணைத்துக்கொண்டான். இரண்டாவது சுற்றில் முழங்கையும் ஆட ஆரம்பித்தது. சிதையின் தலைமாட்டில் நின்று மூச்சு வாங்கினான். பறை நின்றிருந்தது. எல்லாரும் அவன் கையைத்தான் பார்த்தார்கள்.

மூன்றாவது சுற்றில் நாலைந்து எட்டுதான் வைத்திருப்பான். குடத்தின் ஈர விளிம்பு விரல்களில் வழுக்கியது. குடம் முன்பக்கமாகச் சரிந்து, அண்ணனின் கால்மாட்டில் விழுந்து உடைந்தது.

"அடப்பாவி" என்றான் பக்கிரிசாமி. "ஒரு வாய் ஊத்தியிருந்தா இப்பிடி ஆவுமா?"

தம்புசாமி கத்தியைத் துண்டில் துடைத்தார். "சுத்து இன்னும் முடியல. நடங்க தம்பி."

"கொடம் இல்லாமயா?"

"கால் இருக்குல்ல. நடங்க."

வேலாயுதம் நடந்தான். இடது கை இன்னும் தோள் மேலேயே, ஒன்றுமில்லாததைப் பிடித்தபடி, ஆடிக்கொண்டிருந்தது. சேர்த்துக் கட்டிய கால் விரல்களைப் பார்த்தான். நகக் கண்ணில் தண்டவாளக் கறுப்பு. குளிப்பாட்டியும் போகவில்லை. அடுக்கிய ரப்பர் விறகில் ஒன்றில் பால் வடிந்து காய்ந்த கோடு. மஞ்சள் பூசியதுபோல் அண்ணனின் முகம், கோபமில்லாமல், வாய் கொஞ்சம் திறந்து. ஒவ்வொன்றாகப் பார்த்தபடி சுற்றி வந்தான். அவசரப்படவில்லை.

முகத்தின் மேலும் விறகை அடுக்கினார்கள். திரும்பி நின்று பின்பக்கமாகக் கட்டையை நீட்டினான். அது ஓரிடத்தில் நிற்கவில்லை. இங்கே பட்டது, அங்கே பட்டது, மேலே ஒரு முறை, கீழே இரண்டு முறை.

"ஒரே எடத்துல வைடா" என்றான் பக்கிரிசாமி. அவன் குரல் இறங்கியிருந்தது.

"விடுங்க" என்றார் தம்புசாமி. "அஞ்சாறு எடத்துல புடிச்சிருச்சு."

திரும்பிப் பார்க்கக் கூடாது. வேலாயுதம் எதிரே நீண்டு கிடந்த லாலான் புல்லைப் பார்த்தபடி நின்றான். முதுகில் ஈரம் காயத் தொடங்கியது.